சாமைக் கஞ்சியில் ஒட்டிய சீட்டு

போன மாதம் நூலகத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். எது எந்த அலமாரி என்று காட்ட ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

அதில் ரேவதி என்று ஒரு பெண். ஒரு கவிதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் காட்டி, "பெரியப்பா, இங்க மட்டும் ஒரு கட்டம் வெளுப்பா இருக்குதே, இன்னா இது?" என்று கேட்டாள். சீட்டு ஒட்டி எடுத்த தடம் என்றேன். யார் ஒட்டினது என்றாள். நான் என்றேன். யார் எடுத்தது என்றாள். அதுவும் நான்தான் என்றேன். சிரித்தாள். எழுதிக் கொடுங்கள் என்றாள். எனக்கு மூன்றாவது வரைதான் படிப்பு. வந்த மாதிரி எழுதுகிறேன்.

அந்த நூலகம் ஒரு சபைக்குச் சொந்தம். பெயர் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத குருநாதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சிலரோடு பேசுவார்கள் என்று நம்பினவர்கள் அந்தச் சபைக்காரர்கள். எல்லா மதத்துக்காரரும் இருந்தார்கள். தலைமை கீழே, சமவெளியில். தியானத்துக்கு என்று ஜவ்வாது மலையில் ஒரு கல் கட்டடம் கட்டி, நாளடைவில் புத்தகத்தை அதில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஊழியனாகச் சேர்ந்தேன். கூட்டுவது, துடைப்பது, கேட்ட புத்தகத்தை எடுத்து வைப்பது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நம்பர் நன்றாகத் தெரியும். அது போதும் என்றார்கள்.

முதல் இரண்டு அலமாரியில் சபையின் உபதேச நூல்கள். மூன்றாவதில் கதையும் பாட்டும். ஆரம்ப காலத்து அங்கத்தினர்கள் எழுதி, சபையின் அச்சகத்திலேயே போட்டவை. மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஒன்றிரண்டை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். ஒருவன் தன் உடம்பைப் புளியமரப் பொந்தில் வைத்துவிட்டு உலகம் சுற்றப் போகிறான். திரும்பி வந்தால் உடம்புக்குள் வேறு ஒருவன் இருக்கிறான். வீட்டில் சொன்னேன். "இதுல இன்னா அதிசயம் கீது? ஆடித் திருவிழால உங்க மாமனுக்கு நடக்கறதுதான்" என்றாள் என் வீட்டுக்காரி.

பொறுப்பாளர் மஜீத் சாய்பு. வாணியம்பாடிக்காரர். தோல் மண்டியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். பேச்சு குறைவு. காலையில் வந்ததும் கல்தொட்டியில் கை கழுவுவார். துடைப்பார். இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பூட்டைத் தொடுவார். வந்து கேட்கிறவர் கலெக்டராக இருந்தாலும் "கை கழுவிட்டு உக்காருங்க" என்பார்.

புத்தகத்தை எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிய்ந்துவிடும். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் விரலால் உள்ளே தள்ளி, நடுப் புத்தகத்தை இடுப்பில் பிடித்து எடுக்க வேண்டும். பக்கத்தை மேல் மூலையில் புரட்ட வேண்டும். எச்சில் தொடக் கூடாது. வாசகர் மேஜையில் வைத்த புத்தகத்தை அவர் போகிற வரைக்கும் நகர்த்தக் கூடாது. பங்குனியில் நிழலில் பரப்பிக் காற்றாட விட வேண்டும். வெயிலில் போட்டால் தாள் நொறுங்கும். திரும்ப அடுக்கும்போது வசம்பும் வேப்பிலையும். மூன்றாவது அலமாரியை மட்டும் தலைமையின் உத்தரவு இல்லாமல் வெளியே பரப்பக் கூடாது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

பழுது பார்ப்பதற்கு ஒரு பதிவேடு. எந்தப் புத்தகம், என்ன பழுது, என்ன செய்தோம், செய்தபின் அந்தப் பக்கத்தில் என்ன அச்சாகி இருக்கிறது, செய்தவர், பார்த்தவர். கிழிசலுக்குத் தாள் ஒட்டினாலும் இத்தனையும் எழுத வேண்டும். எழுதாமல் நான் ஒரு பொட்டுப் பசை தொட்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

பசை காய்ச்சுவது என் வேலை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரைத்து, சின்னத் தீயில் ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, படிகாரம் கொஞ்சம், மயில்துத்தம் ஒரு சிட்டிகை. துத்தம் போட்டால் லேசாக நீலம் பாயும். அது விஷம். பூச்சி வராது. துணியில் வடிகட்டி, ஆறினபின் தொட வேண்டும். அப்படி ஒட்டினது இந்தப் பிறவியில் வராது.

சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கீழேயிருந்து ஒரு மூட்டை வந்தது. ஒரே கவிதைப் புத்தகம், பதினெட்டுப் பிரதி. இங்கே இருந்ததோடு பத்தொன்பது. கூடவே பத்தொன்பது அச்சடித்த சீட்டு. 'குருநாதர் அருளியது' என்று இருந்தது. முதல் பக்கத்தில் எழுதினவர் பெயர் இருக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு.

சாய்பு கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார். புத்தகத்தில் பேர் போட்டிருக்கிற அம்மாள் அதைத் தானாக எழுதவில்லையாம். குருநாதர் சொல்லச் சொல்ல அவர் கை எழுதியதாம். சபையை ஆரம்பித்த பெரியவரின் டைரியில் இப்போதுதான் கண்டார்களாம்.

எனக்கு அது தப்பாகப் படவில்லை. எங்கள் ஊரில் சாமி வந்து ஆடுகிறவன் மழை வரும் என்றால், சாமி சொல்லிச்சு என்போம். அவன் பேரைச் சொல்ல மாட்டோம். அதே கணக்கு என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் பதினெட்டு ஒட்டினேன். கடைசி ஒன்றுக்கு வரும்போது மைதா டப்பா காலி. சாய்பு பக்ரீத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் ஏறவில்லை. வேலை முடிய வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினேன். துத்தத்தை எடுத்தபோது வீட்டுக்காரி கையைப் பிடித்தாள்.

"இன்னா அது?"

"துத்தம்."

"புதுச் சாமையப் பொங்கி சாமிக்கு வெக்கற சட்டி இது. இதுலயா வெசத்தப் போடுவ?"

அவள் சொன்னது சரி. சாமைச் சட்டியில் விஷம் படக் கூடாது. எங்களுக்கு அது பெரிய விஷயம். வேறு சட்டியும் இல்லை. துத்தம் போடாமலே கொண்டுபோய் ஒட்டினேன். நன்றாகத்தான் பிடித்தது. அது இங்கேயே இருக்கிற பிரதி. பதிவேட்டில் மற்றதைப் போலவே 'மைதா, துத்தம்' என்று எழுதினேன். சாய்பு வந்ததும் சொல்லவில்லை. தப்புதான். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள மாட்டேன். எண்ணம் ஒன்றும் இல்லை. மைதா இல்லை, அவ்வளவுதான்.

பதினெட்டும் கீழே போயின. இது மூன்றாவது அலமாரிக்குள் போனது. பத்து வருஷம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி. எண்பதுகளின் நடுவில். மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்ற ஒரு நாள், போளூர் பஸ்ஸில் ஒரு அம்மாள் வந்தார். எழுபது வயது இருக்கும். குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தொட்டியில் கை கழுவினார். சாய்பு அதைப் பார்த்தார். அனுமதிச் சீட்டு நீட்டினார். எழுதிக் கொடுத்தார் அந்த அம்மாள். சாய்பு படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கதானாம்மா அது?"

"நான்தான். கலசப்பாக்கத்துல டீச்சரா இருந்தேன். இப்ப ரிட்டயர்டு."

"சபையிலேர்ந்து நீக்கனவங்களுக்கு இங்க உக்காந்து படிக்க அனுமதி இல்லீங்கம்மா. விதி இருக்குது."

"தெரியும். அந்த விதிய எழுதனதே நான்தான். அப்ப ஆபீஸ்ல எனக்கு எழுத்து வேல."

"அப்ப உங்களுக்கு நல்லாவே தெரியும்."

"நல்லாவே தெரியும். உக்காந்து படிக்கத்தான் தட. நின்னுக்கினு பாக்கறதுக்குத் தட எழுதல."

சாய்பு மேஜை அறையைத் திறந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். படித்தார். மூடினார்.

"நில்லுங்க" என்றார். அவரும் எழுந்து நின்றுகொண்டார். அதற்கப்புறம் அன்றைக்கு இரண்டு பேரும் உட்காரவில்லை.

சாவியை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது அலமாரியிலிருந்து அந்தக் கவிதைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். மேஜையில் வைத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். சீட்டு இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் குண்டூசித் துளைகள்.

அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுலயும் ஒட்டிட்டாங்களா. மலையில இருக்கறது ஒண்ணாவது தப்பிச்சிருக்கும்னு நெனச்சேன்." என்னைப் பார்த்தார். "யாரு ஒட்டனது?"

"நான்தாங்க."

"நல்லா ஒட்டல."

மேஜையில் உதிர்ந்த பூச்சித் தூளைக் கையால் ஒதுக்கினேன்.

"கீழ கிளைல ஒண்ணு பாத்தேன். நகத்தால நெமிண்டனேன். பேரோட சேந்து தோலு மாதிரி உரிஞ்சி வந்துச்சி. அதுவும் நீதானா?"

"ஆமாங்க."

"அத நல்லா ஒட்டியிருந்த."

பிறகு சாய்புவிடம் சொன்னார். கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். இவர் பாட்டையெல்லாம் குருநாதர் பேரில் புதுப் பதிப்பாகப் போடப்போகிறார்கள். அதை நிறுத்த வேண்டும். "வக்கீல் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. உங்க பேரு அச்சில இருக்கற பிரதி ஒண்ணு காட்டுங்கன்றாரு. எங்கிட்ட மூணு இருந்துச்சி. பைண்டு பண்ணித் தரோம்னு கேட்டாங்க. நானே கயிறு கட்டிக் குடுத்தேன். திரும்பி வரல. வர்ற வெள்ளிக்கெழம அச்சுக்குப் போவுதாம். அப்பறம் பழசெல்லாம் நெருப்புல போட்டுருவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பழுதான புத்தகத்தைக் காகிதக் கடைக்குப் போட மாட்டார்கள். கற்பூரம் வைத்து எரிப்பது சபை வழக்கம். எத்தனையோ நான் எரித்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தை அனுப்பச் சொல்லி வந்த கடிதம் சாய்புவின் மேஜை அறையிலேயே இருந்தது.

"குருநாதர் சொல்லச் சொல்ல உங்க கை எழுதிச்சுன்னு பெரியவரு டைரில இருக்குதேம்மா" என்றார் சாய்பு. கேலியாகச் சொல்லவில்லை. அவர் நம்பினார்.

"இருக்கட்டும். பெரியவரு நல்லவரு. நான் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருந்தா அவரு அப்பிடித்தான் நெனச்சிருப்பாரு. நான் வார்த்த கெடைக்காம ஒக்காந்திருந்தேன். ஒரு வரிய நாலு தடவ அடிச்சி அடிச்சி எழுதியிருக்கேன், சாய்பு. குருநாதரு சொன்னா அடிச்சா சொல்லுவாரு?"

அதைக் கேட்டதும் எனக்கு ஆடித் திருவிழா ஞாபகம் வந்தது. சாமி வந்தவன் இதுவரைக்கும் ஒரு தடவையும், இல்லை, அது வேண்டாம், இப்படி வைத்துக்கொள் என்று மாற்றிச் சொன்னதில்லை.

சாய்பு குனிந்து சீட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"குருநாதர் சொன்னாரா இல்லியான்னு எனக்குத் தெரியாதும்மா. அச்சில இன்னா இருக்குதோ, அது அச்சில இருக்குது." என் பக்கம் திரும்பினார். "வெள்ளையா, இந்தச் சீட்டுக்கு இன்னா பசை?"

"சாமைக் கஞ்சிங்க."

"துத்தம்?"

"போடலீங்க. ஊட்டுச் சட்டி."

"பதிவேட்டுல இன்னா எழுதியிருக்க?"

"மைதான்னு."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லலீங்க."

திட்டுவார் என்று நின்றேன். அவர் போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தார். பழைய வரிக்கு எதிரில் 'சாமைக் கஞ்சி, துத்தம் இல்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு புது வரி போட்டார். பழுது: சீட்டில் பூச்சி.

"பூச்சி வந்த சீட்ட அப்பிடியே வுட்டா மத்த பக்கத்துக்குப் போயிரும். எடு. சுத்தம் பண்ணு. அப்பறம் புதுச் சீட்டு ஒட்டணும்."

"பின்னால கொண்டுபோய் எடுக்கட்டுங்களா?"

"வாசகரு மேஜ மேல இருக்கற புஸ்தகத்த அவங்க போறவரைக்கும் நவுத்தலாமா? இத்தினி வருசமா இன்னா கத்துக்கின? இங்கியே எடு."

அந்த அம்மாள் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மை ஒற்றுகிற தாளை நனைத்துப் பிழிந்தேன். சொட்டு இருக்கக் கூடாது. சீட்டின் மேல் போட்டு உள்ளங்கையை வைத்தேன். மைதாப் பசைக்கு இது வேலைக்கு ஆகாது. சாமை, பனிக்கே இளகும். நூறு எண்ணினேன். மூங்கிலில் நானே சீவிவைத்த தகடு ஒன்று உண்டு, வெற்றிலை கனம். அதைத் தூக்கியிருந்த மூலையில் விட்டேன். மேலே நெம்பக் கூடாது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். பாதிவரை வந்தது. அங்கே பூச்சி சீட்டையும் தாளையும் சேர்த்துத் தின்று ஒன்றாக்கி வைத்திருந்தது. நிறுத்தினேன். மறுபடி நனைத்த தாள். மறுபடி நூறு. சாய்பு மூச்சு விடுவது கேட்டது. இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். இழுக்கவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தேன். சீட்டு மொத்தமாகக் கழன்று தகட்டின் மேல் வந்தது.

அடியில் அச்சு இருந்தது. 'ம.' இருந்தது. அடுத்த எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. அப்புறம் 'யல்நாயகி இயற்றியது' என்று முழுசாக இருந்தது.

அந்த அம்மாள் படித்தார். அழவில்லை. "மொத எழுத்தத் தின்னுடுச்சி" என்றார். பிறகு, "ருசி தெரிஞ்ச பூச்சி" என்றார்.

சாய்பு சிரிக்கவில்லை. பார்த்ததைப் பதிவேட்டில் எழுதினார். 'சீட்டு நீக்கியபின் அச்சில் உள்ளது' என்று போட்டு, தின்ற எழுத்துக்கு இடம் விட்டு, மற்றதை அப்படியே எழுதினார். செய்தவர், நான் கையெழுத்துப் போட்டேன். பார்த்தவர், அவர் போட்டார். பேனாவை அந்த அம்மாளிடம் நீட்டி, "பாத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்" என்றார். அவர் தன் பேரை முழுசாக எழுதினார். ம. தையல்நாயகி. மேல் வரியில் ஓட்டைக்கு விட்ட இடம், கீழ் வரியில் முழுப் பேர்.

"நகல் வேணும்னா மனு குடுங்க."

நின்றபடியே எழுதிக் கொடுத்தார். சாய்பு பதிவேட்டு வரியைத் தாளில் எழுதி, சபை முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த அம்மாள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்.

நான் பசைக் கிண்ணத்தை எடுத்தேன். "புதுச் சீட்டு ஒட்டணுமேங்க."

"சீட்டு எங்க?"

கையிருப்பு இல்லை. பத்தொன்பதுதான் வந்தது. பத்தொன்பதும் ஒட்டியாயிற்று.

"அச்சடிச்ச சீட்டு தலைமைலேர்ந்துதான் வரணும். கையால எழுதி ஒட்ட நமக்கு அதிகாரம் இல்ல" என்றார் சாய்பு. உட்கார்ந்தார். ஒரு கார்டு எடுத்து, சீட்டு ஒன்று அனுப்பக் கோரி எழுதினார். புத்தகம் பழுதில் இருப்பதால் சீட்டு வந்து ஒட்டியபின் அனுப்பப்படும் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அந்தக் கார்டை நான்தான் தபால் பெட்டியில் போட்டேன். எங்கள் மலையில் தபால் எடுப்பது வாரத்துக்கு இரண்டு நாள்.

சீட்டு வரவில்லை. அதற்குள், அந்த அம்மாள் காட்டிய நகலைப் பார்த்துக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து புத்தகத்தையும் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு தலைமையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மைதா இல்லை, சாமை போட்டேன் என்றேன். "மலையாளுக்குப் பசைக்கும் கஞ்சிக்கும் வித்தியாசம் தெரியல" என்றார் ஒருவர். தெரியும். சொல்லவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள், வேறு ஆள் மலைக்கு வரமாட்டான் என்பதால். சாய்புவைப் போகச் சொன்னார்கள். அவர் கேள்வி கேட்கவில்லை. கை கழுவினார். இரண்டு உள்ளங்கையையும் பார்த்தார். சாவிக் கொத்தை மேஜையில் வைத்தார்.

வழக்கு இழுத்தது. புதுப் பதிப்பு நின்றது. அந்த அம்மாளின் பேர் போட்டு மறுபடி அச்சிடவும் இல்லை. தீர்ப்பு வந்து புத்தகம் கோர்ட்டு நம்பர் ஒட்டித் திரும்பி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கோர்ட்டு நம்பர் இருப்பதால் அதை யாரும் எரிக்கத் துணியவில்லை. நான் மூன்றாவது அலமாரியில் வைத்தேன். பங்குனியில் அதையும் காற்றாட விட்டேன். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை.

சாய்புவை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குச்சி ஊன்றியிருந்தார். நலம் விசாரித்தார்.

"சீட்டு வந்துச்சா?"

"வரலீங்க."

"வந்தா ஒட்டிரு. மைதால ஒட்டு."

சரிங்க என்றேன். நான் ஓய்வு பெறும்வரை சீட்டு வரவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

ரேவதிக்கு இவ்வளவும் வாயால் சொல்லவில்லை. அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு படிவம். அதில் எழுதியவர் என்று ஒரு கட்டம். தலைமை கொடுத்த பட்டியலில் இந்தப் புத்தகத்துக்கு நேரே குருநாதர் என்று இருந்தது.

"எத போடட்டும் பெரியப்பா?"

"அச்சில இன்னா இருக்குதோ அத போடு."

கண்ணைச் சுருக்கிப் பார்த்து அடித்தாள். நான் கிட்டே போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ம. யல்நாயகி' என்று இருந்தது.

"ஒரு எழுத்து வுட்டுட்ட."

"அங்க ஓட்டதான இருக்கு?"

"ஓட்ட நான் வெச்சது. தை போடு" என்றேன்.

போட்டாள்.